திறமையா அதிர்ஷ்டமா என்று 57 வருடம்; கமிஷனைப் பற்றிக் கேட்டது யார்?

திருத்தணியில் பஸ் ஏறினால் நகரிக்கு அரை மணி நேரம் போல ஆகும். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவரும் நகரி ஏகாம்பரகுப்பத்தில் தறி ஓட்டுகிறவரும் பேசுவது கிட்டத்தட்ட ஒரே பேச்சு. பாதி தமிழ், பாதி தெலுங்கு. நாம் சீட்டாட்டம் என்பதை அவர்கள் பேகாட்ட என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி இந்தப் பக்கம் வந்தபோது போட்ட கோடு, 2020-க்குப் பிறகு செல்போனுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஒரே ஆப், காசு வைத்து ஆடும் ஒரே ரம்மி, ஒரே போக்கர். 2025 ஆகஸ்ட் வரை பெரும்பாலான நாட்களில் கோட்டுக்கு இந்தப் பக்கம் சட்டப்படி சரி. அந்தப் பக்கம் ஆடினால் ஆறு மாதம் உள்ளே.

2020 செப்டம்பரில் ஆந்திரா தன் 1974-ஆம் வருட சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை அடியோடு மூடியது. நடத்துகிறவருக்கு முதல் தடவை ஒரு வருடம், மறுபடி மாட்டினால் இரண்டு வருடம். ஆடுகிறவருக்கு ஆறு மாதம். அதே நவம்பரில் தமிழ்நாடும் அவசரச் சட்டம் போட்டு மூடியது. 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, திறந்துகொண்டது. இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. 2023 மார்ச்சில் ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் அதே மாதம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் சட்டமானது. ரம்மியும் போக்கரும் அதன் அட்டவணையில் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டன. 2023 நவம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த அட்டவணையை மட்டும் அடித்துவிட்டு, சட்டத்தின் மற்ற பகுதிகள் அதிர்ஷ்ட ஆட்டங்களுக்குச் செல்லும் என்றது. மறுபடி திறந்தது. 2025 பிப்ரவரியில் நேரக் கட்டுப்பாடு வந்தது. 2025 ஆகஸ்டில் டெல்லி மொத்தத்தையும் மூடியது. ஐந்து வருடத்தில் இத்தனை தடவை திறந்து மூடிய கதவு ரயில்வே கேட்டாகத்தான் இருக்கும்.

கேரளத்திலும் கதை இதேதான், கொஞ்சம் சின்னது. 2021 பிப்ரவரியில் ஒரு அறிவிக்கை மூலம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் திறமை ஆட்டங்களுக்கான விலக்கிலிருந்து எடுத்தார்கள். செப்டம்பர் 27-இல் கேரள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே மாநிலத்தில் திறமை என்ற சொல்லுக்கே இடமில்லாத லாட்டரி ஒரு அரசுத் துறை. தமிழ்நாட்டில் 2003-இல் மூடிய அந்தக் கடையை, வாளையாரைத் தாண்டினால் முதல் பெட்டிக்கடையிலேயே பார்க்கலாம்.

இத்தனை வழக்கிலும் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டது ஒரே தீர்ப்பு, அதுவும் பழைய ஆந்திராவின் சீட்டாட்ட கிளப் வழக்கு: ஆந்திர அரசு எதிர் கே. சத்தியநாராயணா, 1968-இல் பதிவானது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் காசு வைத்து ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்தது. உச்ச நீதிமன்றம் சொன்னது: மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம்; ரம்மி அப்படியில்லை. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று கணக்குப் போட வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம். இந்தப் பாதியைத்தான் எல்லா ரம்மி கம்பெனியும் தன் இணையதளத்தில் போட்டுக்கொண்டது.

அதே தீர்ப்பில் இன்னொரு பாதி இருக்கிறது. வீட்டுக்காரரோ கிளப்போ அந்த ஆட்டத்திலிருந்து லாபம் எடுக்கிறார் என்று சாட்சியம் இருந்தால், ரம்மியானாலும் குற்றம் நிலைநிற்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. உட்கார இடம் கொடுத்ததற்கு, சீட்டுக்கட்டுக்கு, காபிக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம். ஆட்டத்தையே வருமானமாக்கினால் அது வேறு. சட்டம் கையில் எடுத்திருக்க வேண்டிய நூல் இதுதான் என்பது என் கருத்து. பிடித்ததோ திறமையா அதிர்ஷ்டமா என்ற மற்ற நூலை. போக்கரில் அந்த நூல் சிக்கலாகத்தான் ஆகும். மேற்கு வங்கத்தின் 1957-ஆம் வருடச் சட்டம் போக்கரைப் பெயர் சொல்லி சூதாட்ட வரையறையிலிருந்து விலக்குகிறது. 2016-இல் நாகாலாந்து அதற்கு லைசென்ஸ் கொடுக்கச் சட்டமே போட்டது. 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் அது சூதாட்டம் என்றது. ஒரே 52 சீட்டு.

கமிஷன் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும். போக்கரில் ஆப் உங்களுக்கு எதிராக ஆடுவதில்லை. மேசையில் இருப்பவர்கள் ஒருவர் காசை ஒருவர் எடுக்கிறார்கள். நடுவில் சேரும் பந்தயக் காசிலிருந்து ஆப் ஒரு பங்கு வெட்டுகிறது. அதற்கு ரேக் என்று பெயர். ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஆளுக்கு 500 ரூபாயோடு உட்கார்ந்தால் மேசையில் 3,000. ஒரு கைக்குச் சராசரி 100 ரூபாய் பந்தயம் சேர்ந்தால் 5 ரூபாய் வெட்டு. ஆன்லைனில் மணிக்கு 60 கை ஓடினால் வெட்டு 300. யாரும் புதிதாகக் காசு போடாமல் இதே வேகத்தில் ஆடினால் பத்து மணி நேரத்தில் 3,000-உம் ஆப்பிடம் போய்விடும். ஆறு பேரும் சம திறமைசாலிகளாக இருந்தால் ஆறு பேரும் தோற்பார்கள். (காசு குறையக் குறைய பந்தயமும் சிறுக்கும், மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டு விழும் முன்பே முடிந்த கைக்குப் பல இடங்களில் வெட்டு கிடையாது, ஒரு கைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் உண்டு. அதனால் நிஜத்தில் இன்னும் சில மணி நேரம் பிடிக்கும். போகும் திசை மாறாது.)

ஆகவே திறமை உண்டா என்று கேட்டால் உண்டு. மற்ற ஐந்து பேரையும், மேலே அந்த 5 சதவீதத்தையும் ஜெயிக்கும் அளவுக்குத் திறமை யாருக்கு உண்டு என்பதுதான் அடுத்த கேள்வி. சின்னப் பந்தய மேசையில் பந்தயத்தோடு ஒப்பிட்டால் வெட்டு பெரியது. பெரிய மேசையில் உச்சவரம்பு இருப்பதால் விகிதம் சின்னது. 50 ரூபாயோடு உட்காரும் தறிக்காரர்தான் விகிதத்தில் அதிகக் கமிஷன் கட்டுகிறவர். ஒழுங்குபடுத்த வந்த அரசு முதலில் தொட வேண்டிய இடம் இது. பேசப்பட்டதெல்லாம் வயதும் நேரமும்தான்.

அந்த வயது, நேர விதிகளையும் குறைவாகச் சொல்ல முடியாது. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்தவை: 18 வயதுக்குக் கீழே கூடாது, ஆதார் சரிபார்ப்பு, அதோடு ஓடிபி, இரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையக்கூட முடியாது, ஒரு மணி நேரம் ஆடிவிட்டால் அதன் பிறகு அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கைத் திரை. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. இரவு விதிதான் இதில் உருப்படியானது. தோற்றதைப் பிடிக்கிறேன் என்று ஆள் உட்கார்ந்திருப்பது அந்த நேரத்தில்தான், வீட்டில் கேட்கிறவர்களும் தூங்கிப்போயிருப்பார்கள்.

எல்லைக்காரர்களுக்கு வேறொரு தலைவலி இருந்தது. ஆந்திரா, தெலங்கானா, அசாம், ஒடிசாவில் காசு ஆட்டம் இல்லை என்று ஆப்பின் விதிமுறையிலேயே எழுதியிருந்தார்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்று ஆப் பார்க்கும் வழிகள் மூன்று. ஜிபிஎஸ், திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம். செல் டவர், கிலோமீட்டர் கணக்கில் பிசகும். எல்லையோரத்தில் உங்கள் போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்திருப்பது சாதாரணம். ஐபி முகவரி, அது பெரும்பாலும் செல்போன் கம்பெனியின் பெரிய நுழைவாயில் இருக்கும் ஊரையே காட்டும். நீங்கள் பள்ளிப்பட்டில் உட்கார்ந்திருக்க அது ஹைதராபாத் என்று சொல்லலாம். மூன்றும் முரண்பட்டால் ஆப் பாதுகாப்புப் பக்கமாகச் சாய்ந்து மூடிவிடும். தவறாகத் திறந்தால் குற்றம் கம்பெனி மேல். தவறாக மூடினால் உங்களுக்கு எரிச்சல் மட்டும்தான். வீட்டுச் சுவருக்குள் ஜிபிஎஸ் தடுமாறி அவ்வப்போது வெளியே தள்ளப்படுகிறவர்கள் விபிஎன் போட்டுப் பார்ப்பார்கள். விபிஎன் ஐபியை மாற்றும், ஜிபிஎஸ்ஸை மாற்றாது. இரண்டும் பொருந்தாததைக் கண்டதும் கணக்கு முடங்கும், உள்ளே இருக்கும் காசோடு. ஆதாரில் சித்தூர் முகவரி இருந்தால், திருத்தணியிலேயே குடியிருந்தாலும் சரிபார்ப்பில் நிற்கும். அமெரிக்காவில் நியூஜெர்சி 2013 நவம்பரில் ஆன்லைன் போக்கரைத் திறந்தபோதும் நியூயார்க் எல்லையை ஒட்டி இருந்தவர்களுக்கு இதே பாடு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் என்றால் கோட்டின் மேல் குடியிருப்பவன் பாடு எங்கும் இதுதான்.

அடுத்தது வரி. ஆட்டத்தைக் கொன்றது தடைச் சட்டம் என்று பேசுகிறார்கள். பாதிக் கொலை அதற்கு முன்பே வரியில் நடந்தது. 2023 அக்டோபர் 1 வரை கம்பெனிகள் தங்கள் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டின. அதாவது 100 ரூபாய்ப் பந்தயத்தில் 5 ரூபாய் வெட்டினால் வரி 90 பைசா. அன்றிலிருந்து நீங்கள் போடும் முழுத் தொகையின் மேல் 28 சதவீதம். 100 ரூபாய் போட்டால் அதில் 21 ரூபாய் 88 பைசா வரி. ஆட மிஞ்சுவது 78 ரூபாய் 12 பைசா. வாடிக்கையாளர் ஓடிவிடக் கூடாது என்று குறைந்த தொகையைக் கம்பெனியே போனஸாகத் திருப்பிப் போட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் விகிதம் 40. 100-இல் 28 ரூபாய் 57 பைசா போகும். கமிஷன் மேல் வரி போடுகிறவன் கடைக்காரனிடம் வாங்குகிறான். போட்ட காசு மேல் வரி போடுகிறவன் வாசலிலேயே நின்று வாங்குகிறான்.

ஜெயித்தால் வருமான வரி தனி. 2023 ஏப்ரல் 1 முதல், 1961-ஆம் வருடச் சட்டத்தின் 194பிஏ பிரிவுப்படி, நிகர ஜெயிப்பில் 30 சதவீதம் கம்பெனியே பிடிக்க வேண்டியிருந்தது. கணக்கு இப்படி: அந்த நிதியாண்டில் எடுத்த தொகையிலிருந்து, நீங்கள் போட்ட சொந்தக் காசையும் ஏப்ரல் 1-இல் இருந்த இருப்பையும் கழிக்க வேண்டும். 10,000 போட்டிருக்கிறீர்கள், பழைய இருப்பு இல்லை. முதலில் 4,000 எடுத்தால் வரி பிடிக்கக் கூடாது. பிறகு 12,000 எடுத்தால் மொத்தம் 16,000, நிகரம் 6,000, பிடிப்பு 1,800. ரிட்டர்ன் போடும்போது 4 சதவீத செஸ் சேர்ந்து இன்னொரு 72 ரூபாய். மார்ச் 31-இல் எடுக்காமல் விட்ட இருப்பும் கணக்கில் சேரும். கையில் காசு வராமலே வரி பிடிக்கப்பட்டது என்று பலர் குழம்பியது இதனால்தான். கம்பெனி தந்த போனஸ் உங்கள் சொந்தக் காசாகக் கழிபடாது. வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்றாலும் இந்த 30 சதவீதம் தப்பாது. தோற்றதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஒரு ஆப்பில் 20,000 தோற்று இன்னொன்றில் 6,000 ஜெயித்தவரிடம் இரண்டாவது ஆப் 1,800 பிடித்துக்கொண்டுதான் கொடுத்தது.

இப்போது மத்தியச் சட்டம். 2025 ஆகஸ்ட் 20-இல் மக்களவை, 21-இல் மாநிலங்களவை, 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். ஆன்லைன் விளையாட்டை ஊக்குவிக்கவும் ஒழுங்குபடுத்தவும் என்று பேர்; காசு ஆட்டத்துக்கு அதில் ஒழுங்கு கிடையாது, தடைதான். வரையறையிலேயே, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் இரண்டும் கலந்ததானாலும், காசு கட்டி காசு எதிர்பார்த்து ஆடினால் அது காசு ஆட்டம் என்று எழுதிவிட்டார்கள். 57 வருட வாதத்தை ஒரே வரியில் ஒதுக்கியாயிற்று. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருடம், 50 லட்சம் வரை. இது நடிகருக்கும் பொருந்தும், யூடியூபில் ஆப் லிங்க் போடுகிற பையனுக்கும் பொருந்தும். பணத்தைக் கடத்திவிடும் வங்கிக்கும் பேமென்ட் கம்பெனிக்கும் மூன்று வருடம், ஒரு கோடி வரை. ட்ரீம்11, எம்பிஎல், போக்கர்பாஸி எல்லாம் அந்த வாரமே காசு ஆட்டத்தை நிறுத்தின. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனம், நாடாளுமன்றம் இதில் எப்படிக் கை வைக்கலாம் என்பது கம்பெனிகளின் வாதம். வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் போட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

ஆடுகிறவருக்கு இந்த மத்தியச் சட்டத்தில் தண்டனை இல்லை. அதைக் கேட்டு நகரி பக்கம் யாரும் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். ஆந்திராவின் ஆறு மாதம் மாநிலச் சட்டத்தில் இருப்பது. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

காசில்லாமல் சும்மா சில்லு வைத்து ஆடும் போக்கர் தடையில் வராது. மாதச் சந்தா கட்டி ஆடுவதும், அந்தச் சந்தா பந்தயக் காசாக மாறாத வரை, சமூக விளையாட்டு வகையில் வரும். வம்பு எங்கே என்றால், ஆப்புக்குள் சில்லு விற்பார்கள். ஆப்புக்கு வெளியே ஒருவர் அதே சில்லைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவார். காசாக மாறக்கூடிய காயின், டோக்கன் எல்லாமே சட்டத்தின் பார்வையில் பந்தயப் பொருள். திரும்ப வாங்குகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால் அது சும்மா ஆட்டம் இல்லை.

தடையின் பெரிய கோளாறு, கடையை மூடினால் ஆட்டம் கொல்லைப்புறம் போகும் என்பது. இப்போது வருவது டெலிகிராமில் ஒரு ஏஜென்ட், பிளே ஸ்டோரில் இல்லாத ஏபிகே கோப்பு, தினம் மாறும் யுபிஐ ஐடி. லைசென்ஸ் இல்லாத இடத்தில் உங்கள் இருப்பு என்பது திரையில் தெரியும் ஒரு எண் மட்டும்தான். பெரிய கம்பெனியிலேயே இது நடந்திருக்கிறது. 2011 ஏப்ரல் 15-ஆம் தேதி அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்கள் மேல் வழக்குப் போட்டது. அதில் ஒன்றான ஃபுல் டில்ட், உலகம் முழுக்க ஆட்டக்காரர்களுக்கு சுமார் 39 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. ஆட்டக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்காமல் செலவழித்திருந்தார்கள். அமெரிக்கர்களுக்குப் பணம் திரும்ப ஆரம்பித்தது 2014-இல். பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கிய தளம், தான் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை அறிவித்தே ஆக வேண்டும். அங்கே 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் சூதாட முடியாது. ‘என்னை உள்ளே விடாதே’ என்று ஒரே இடத்தில் பதிந்தால் லைசென்ஸ் உள்ள எல்லாத் தளமும் மூடும். நாம் இந்த வழியை முயன்று பார்க்கவே இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய அரசு சுய ஒழுங்கு அமைப்புகளுக்கு விதி போட்டது, அது நடைமுறைக்கே வரவில்லை.

டெலிகிராம் ஆட்டத்தில் ஜெயித்தாலும் அடி விழும். உங்களுக்கு வரும் 3,000 ரூபாய், ஏஜென்ட் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து வரும். அந்தக் கணக்கில் வேறெங்கோ ஏமாந்தவரின் பணமும் ஓடியிருக்கும். அவர் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்தால் அந்தப் பணம் போன ஒவ்வொரு கணக்கிலும் போலீஸ் பிடி விழும். கடைசியில் திருத்தணியில் உங்கள் சம்பளக் கணக்கு. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில், முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102, கணக்கை நிறுத்திவைக்கப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. புகார் கொடுத்த ஊர் குஜராத்தாகவும் இருக்கலாம்.

அப்படி மாட்டினால் வங்கி மேனேஜரிடம் சத்தம் போட்டுப் பயனில்லை, அவர் வைத்த பூட்டு இல்லை அது. எழுத்தில் மூன்று விவரம் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்து எந்தக் காவல் நிலையம், பிடித்துவைத்த தொகை எவ்வளவு. பல நேரம் சர்ச்சைத் தொகை 3,000 இருக்க, முழுக் கணக்கும் முடங்கியிருக்கும். அந்த 3,000-ஐ மட்டும் பிடித்து மற்றதை விடும்படி விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஆறு மாத வங்கி அறிக்கை, ஆதார் நகல், சம்பளச் சான்று சேருங்கள். பணம் எதற்கு வந்தது என்று பொய் எழுதாதீர்கள், போனில் சாட் அப்படியே இருக்கிறது. ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள், நீங்கள் எழுதுவது எந்த மாநிலச் சட்டத்தில் உங்கள் மேலேயே திரும்பும் என்று அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். பதில் வராவிட்டால் அடுத்த வாசல் நீதிமன்றம். ஏஜென்டிடம் கேட்டால் ‘வேறொரு கணக்கு எண் கொடுங்கள் அண்ணே, அதில் போடுகிறேன்’ என்பார். கொடுத்தால் வீட்டில் இரண்டாவது கணக்கும் முடங்கும், அது பெரும்பாலும் மனைவியின் பேரில் இருக்கும் மகளிர் குழுக் கணக்காக இருக்கும்.

மூடிய பழைய ஆப்களில் இன்னும் இருப்பு வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. சரிபார்த்த அதே வங்கிக் கணக்குக்கு எடுங்கள், வேறு கணக்குக்குக் கேட்டால் நிற்கும். எடுக்கும் முன் பரிவர்த்தனைப் பட்டியல் முழுவதையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆப்பையே எடுத்துவிட்டால் பிறகு கிடைக்காது. பிடித்த வரி 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், ஏறாவிட்டால் அந்தப் பட்டியல்தான் உங்கள் சாட்சி. ‘உங்கள் இருப்பை மீட்டுத் தருகிறோம், முதலில் 500 கட்டுங்கள்’ என்று வருகிற எந்த அழைப்புக்கும் அந்தக் கம்பெனிகளோடு சம்பந்தமில்லை.